முழக்கோல், உளி, பாடப்புத்தகம்: வை. கணபதி ஸ்தபதியின் பணி

தமிழ்நாட்டுக் கோயில் ஸ்தபதிகளின் அளவுகோலான முழக்கோல் 2 அடி 9 இஞ்ச் நீளம், அதாவது 33 இஞ்ச். அதை 24 பங்காக்கினால் ஒரு பங்கு 1⅜ இஞ்ச் வரும். சிற்ப நூல்களில் வரும் அங்குலம் இதுதான். பள்ளிக்கூட ஸ்கேலில் பார்த்த அங்குலம் வேறு. குழப்பம் வராமலிருக்க, இந்தக் கட்டுரையில் ஆங்கில அளவை இஞ்ச் என்றும் சிற்ப அளவை அங்குலம் என்றும் குறிப்பிடுகிறோம்.

வை. கணபதி ஸ்தபதி (1927–2011) கட்டியது, கற்பித்தது, எழுதியது எல்லாவற்றுக்கும் இந்தக் கோலே தொடக்கம். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை அறியாத தமிழர் இல்லை. அதை வடித்தவர் 27 ஆண்டுகள் ஒரு கல்லூரியை நடத்திய ஆசிரியர் என்பது பலருக்குத் தெரியாது. மயன் பெயரால் வழங்கும் சிற்ப நூல்களைத் தேடிப் பதிப்பித்து, கட்டடக்கலை வரலாற்றைப் பற்றித் துணிச்சலான, சில இடங்களில் ஏற்க முடியாத கருத்துகளை முன்வைத்தவர் என்பதை அறிந்தவர்கள் இன்னும் குறைவு. இந்த மூன்று பணிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் செய்ததன் எடை புரியும். தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போய்க்கொண்டிருந்த அளவுக் கணக்கை அவர் வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிறகு அதே கணக்கை, அந்த மரபு அதுவரை கட்டிப் பார்க்காத பெரிய வேலைகளில் வைத்துச் சோதித்தார்.

பிள்ளையார்பட்டியிலிருந்து மாமல்லபுரம்

காரைக்குடிக்கு அருகிலுள்ள பிள்ளையார்பட்டியில் சிற்பக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை வைத்தியநாத ஸ்தபதி. செட்டிநாட்டுப் பகுதியில் கோயில் திருப்பணியும் பெரிய வீடுகளும் தொடர்ந்து நடந்துகொண்டிருந்ததால் கல், சுதை, மரம் மூன்றிலும் வேலை தெரிந்தவர்கள் அங்கே நிலைத்திருந்தார்கள். கணபதி கல்லூரிக்குப் போய்க் கணிதம் படித்தார். சிற்பி வீட்டுப் பிள்ளை கணிதப் பட்டம் பெறுவது அந்தக் காலத்தில் அரிது. பின்னாளில் நூல்களிலுள்ள அளவுச் சூத்திரங்களை அவர் விளக்கும் முறையில் அந்தப் படிப்பின் தடம் தெரியும்.

1950களில் இந்தத் தொழிலின் நிலைமை நெருக்கடியாக இருந்தது. சிமெண்டும் கம்பியும் மலிந்துவிட்டன. கல்லில் செய்ய வேண்டிய மண்டபத்தைக் கான்கிரீட்டில் வார்த்து, மேலே பூச்சு வேலை செய்தால் போதும் என்று திருப்பணிக் குழுக்கள் நினைக்கத் தொடங்கியிருந்தன. வேலை குறைந்தால் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போவார்கள். எழுதி வைக்காத அறிவு இரண்டு தலைமுறையில் காணாமல் போய்விடும். 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்ட பின்னணி இதுதான். வைத்தியநாத ஸ்தபதி அதற்குப் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் 1961-இல் கணபதி ஸ்தபதி தலைமைக்கு வந்து 1988 வரை இருந்தார். பயிற்சி நிலையம் கல்லூரியாகி, பட்டப் படிப்பு வரை வளர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

இடத் தேர்வு மிகச் சரியானது. மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களும் ஒற்றைப் பாறைத் தொடரில் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. குடிசைக் கூரை, சாலை வடிவக் கூரை, யானையின் பின்புறம் போல வளைந்த கஜபிருஷ்டம், அடுக்கு விமானம் என்று வெவ்வேறு கூரை வகைகள் சில நிமிட நடையில் கிடைக்கின்றன. பல வேலைகள் பாதியில் நிற்பதுதான் மாணவனுக்கு இன்னும் பெரிய வரம். முடிக்காத குடைவரைகளில் பாறை முகத்தில் சதுரம் சதுரமாகக் காடி வெட்டி, நடுவில் நிற்கும் கட்டியைத் தட்டி உடைத்து உள்ளே போயிருப்பது அப்படியே தெரியும். முடிந்த சிற்பத்தில் உளியின் வழி மறைந்துவிடும். முடியாததில் ஒவ்வொரு அடியும் கணக்குச் சொல்லும்.

வகுப்பறைக்குள் வந்த தொழில்

மயமதம் போன்ற நூல்கள் கட்டடத் தொழிலாளரை நான்கு நிலையாகப் பிரிக்கின்றன. ஸ்தபதி முழுத் திட்டத்துக்கும் பொறுப்பு. சூத்திரகிராகி நூல் பிடித்து அளவு குறிப்பவர். தட்சகன் வெட்டிச் செதுக்குபவர். வர்த்தகி துண்டுகளைச் சேர்த்துப் பொருத்துபவர். குடும்ப முறையில் ஒரு பையன் உளிக்குக் கூர் வைப்பதில் தொடங்குவான். பிறகு பொளிவான், அதற்கப்புறம் செதுக்குவான். அளவுக் கணக்கு கடைசியில்தான் வரும், அதுவும் பெரியவர் மனம் வைத்தால். கல்லூரியிலோ இந்த நான்கு நிலையையும் நான்கைந்து ஆண்டுகளில் ஒரே மாணவனுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் வரிசை தலைகீழாகியது: வரைபடமும் கணக்கும் முதலில், கல் அதோடு சேர்ந்து.

இதில் லாபமும் உண்டு, இழப்பும் உண்டு. பத்தாண்டில் வரும் கைப்பழக்கம் நான்காண்டில் வராது. ஆனால் சாதியோ குடும்பமோ பார்க்காமல் யாரும் கற்கலாம் என்ற நிலை வந்தது. அளவுகள் கரும்பலகையில் ஏறியதால் ஒருவர் சொன்னதை மற்றொருவர் சரிபார்க்கவும் முடிந்தது. இந்த இரண்டாவது மாற்றத்தையே பெரிதாக நினைக்கிறோம். தொழில் ரகசியம் பாடமானபோதுதான் பிழைகளும் வெளியே தெரியத் தொடங்கின.

அடிக்கடி வரும் முதல் பிழை, அங்குலம் என்ற ஒரே சொல்லில் ஒளிந்திருக்கும் இரண்டு அளவுகளைக் குழப்புவது. கட்டடத்துக்கு மானாங்குலம். இது நிலையான அளவு. 8 அணு ஒரு தேர்த்துகள், 8 தேர்த்துகள் ஒரு மயிர்முனை, 8 மயிர்முனை ஒரு ஈர், 8 ஈர் ஒரு பேன், 8 பேன் ஒரு யவை, 8 யவை ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு கிஷ்கு முழம் என்று போகும். படிமத்துக்கு தேக அங்குலம். சிலையின் மொத்த உயரத்தை அதற்குரிய தாளத்தின் (உருவ விகித முறையின்) எண்ணால் வகுத்துக் கிடைப்பது. சிலைக்குச் சிலை மாறும்.

சிவன், திருமால் உருவங்களுக்குரிய உத்தம தச தாளத்தில் அந்த எண் 124. பகிர்வு இப்படி: உச்சி 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 13½, மார்பிலிருந்து கொப்பூழ் 13½, கொப்பூழிலிருந்து அடிவயிற்றின் கீழ் எல்லை 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டினால் 124. சிலை 31 இஞ்ச் உயரம் என்றால் ஒரு தேக அங்குலம் சரியாகக் கால் இஞ்ச். முகம் 3⅜ இஞ்ச், தொடை 6¾ இஞ்ச். அம்மன் உருவங்களுக்கு மத்திம தச தாளம், 120. பிள்ளையாருக்கு ஐந்து தாளம். தாளத்தை மாற்றினால் உருவத்தின் வயதும் இயல்புமே மாறிவிடும். அதனால்தான் ஒரு பெருமாள் சிலையின் படத்தைப் பார்த்து அதே விகிதத்தில் அம்மனைச் செய்தால் எங்கோ உறுத்துகிறது. உறுத்தும் இடம் எது என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது. தாளம் படித்தவர் கோலை வைத்துக் காட்டிவிடுவார்.

இரண்டாவது பிழை, கோடு. சதுரமாக்கிய கல்லின் முன்முகத்தில் காவி தோய்த்த நூலை அடித்து நடுக்கோடு போடுவார்கள். அதுதான் பிரம்ம சூத்திரம். குறுக்கே தாளப் பகுப்புகளைக் குறித்து, முதலில் முன்தோற்றத்தின் எல்லையை வெட்டி, பிறகு பக்கவாட்டுத் தோற்றத்தை வெட்டி, மூலைகளைத் தட்டி உருட்டுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் உளி அந்தக் கோட்டையே தின்றுவிடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நூலடித்துக் கோட்டைத் திரும்பப் போட வேண்டும். அவசரத்தில் கண் மட்டத்தில் வேலையைத் தொடர்ந்தால் மூக்கு ஒரு பக்கமும் கொப்பூழ் ஒரு பக்கமும் நகர்ந்துவிடும். மெழுகில் கூட்டலாம், சுதையில் அப்பலாம். கல்லில் எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை. ஆகவே மூக்கு நுனி, மார்பு, முழங்கால் முதலிய முன்னே துருத்தும் இடங்களில் கடைசிவரை கொஞ்சம் மிச்சம் விட்டு வைப்பார்கள்.

கல்லைத் தேர்வதும் பாடம்தான். தட்டிப் பார்த்தால் வெண்கல மணிபோல் ஓங்கி ஒலிப்பது ஆண் கல். ஒலி மென்மையாக வருவது பெண் கல். ஒலி எழாதது இரண்டிலும் சேராதது. தெய்வ உருவுக்கு முதலது, தேவி உருவுக்கும் பீடத்துக்கும் இரண்டாவது, அடித்தளத்தில் போட மூன்றாவது என்பது மரபு. இந்தப் பெயர்களை நம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. உள்விரிசல் இல்லாத, அடர்த்தியான கல்லில் ஒலி தடையில்லாமல் பரவும். விரிசலோ சிதைவோ இருந்தால் அமுங்கும். ரேகை, புள்ளி, கறை ஆகியவை நூல்கள் சொல்லும் குற்றங்கள். கல்லுக்குள் தேரை என்று நாம் சாதாரணமாகச் சொல்வதன் பின்னாலும், உள்ளே வெற்றிடம் உள்ள கல்லைக் கண்டுபிடிக்கும் சிற்பியின் கவலை இருக்கலாம். ரேகை ஓடும் கல்லைத் தூணாக நிறுத்தலாம். அதையே உத்தரமாகப் படுக்க வைத்தால் அடிப்பக்கம் இழுபட்டு அந்த ரேகையிலேயே முறியும்.

ஆயாதி: அளவைப் பூட்டும் கணக்கு

கணபதி ஸ்தபதி மிகவும் வலியுறுத்திய பாடங்களில் ஒன்று ஆயாதி. பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். ஒரு கட்டடத்தின் அளவை எண்களால் பெருக்கி, வகுத்து, மீதியைப் பார்ப்பது. எதை எதால் பெருக்குவது என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. சில நூல்கள் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளும். சுற்றளவை வைத்துச் செய்வதும் வழக்கம்.

11 முழ நீளமும் 8 முழ அகலமும் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 38. ஆறு கணக்குகளில் முதலாவதான யோனியைக் காண 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க வேண்டும்: 114-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 2. இரட்டைப்படை மீதி ஆகாது. 1, 3, 5, 7 மட்டுமே கொள்ளத்தக்கவை. அகலத்தை அரை முழம் கூட்டி 8½ ஆக்கினால் சுற்றளவு 39. 117-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5, அதாவது விருஷப யோனி. சரி. அடுத்து ஆயம், அதாவது வரவு: 39-ஐ 8-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மீதியில்லை, அதை 12 என்றே கொள்வார்கள். விரயம், அதாவது செலவு: 9-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் மீதி 1. வரவு செலவைவிடக் கூட. நட்சத்திரத்துக்கு 8-ஆல் பெருக்கி 27-ஆல் வகுத்தால் மீதி 15, சுவாதி. வாரத்துக்கு 9-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 1, ஞாயிறு. அம்சத்துக்கு 4-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 3. ஆறும் பொருந்திய பிறகே அளவு உறுதியாகும்.

இதனால் சுவர் வலுவாகாது, காற்றும் கூடுதலாக வராது. ஆனாலும் கட்டுமான நோக்கில் இதற்கு ஒரு பயன் இருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. வாய்மொழியாகவும் கயிற்றாலும் அளவு கைமாறிய காலத்தில், ஆறு மீதிகளைச் சேர்த்துச் சொன்னால் அளவில் நேர்ந்த பிழை உடனே பிடிபடும். சுற்றளவு அரை முழம் தவறினால் யோனியும் நட்சத்திரமும் மாறிவிடும். கணக்குப்பிள்ளை கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பது போலத்தான்.

நடைமுறையில் இது கெடுவது இஞ்ச் டேப்பால். 8½ முழம் என்பது 23 அடி 4½ இஞ்ச். கொத்தனார் அதை 23 அடி என்று முழுமையாக்கிவிடுவார். இரண்டு பக்கமும் சேர்த்து 9 இஞ்ச் குறையும். கால் முழத்துக்கு மேல் போய்விட்டால் ஆறு கணக்கும் வீண். இன்னொரு குழப்பம், அளவை எங்கே பிடிப்பது என்பது: சுவரின் உள்முகத்திலா, நடுவிலா, வெளிமுகத்திலா? முதல் நாளே முடிவு செய்து வரைபடத்தில் எழுதி வைக்காவிட்டால் ஸ்தபதி ஒன்றை நினைப்பார், பொறியாளர் வேறொன்றைப் போடுவார். மூன்றாவது குழப்பம் கோலே. கேரளத்தில் வழங்கும் கோல் 72 செ.மீ. அதுவும் 24 பிரிவுதான், ஆனால் நம் 33 இஞ்சைவிட ஏறக்குறைய 12 செ.மீ. குட்டை. ஒரு ஊர் நூலின் எண்ணை எடுத்து மற்றோர் ஊர்க் கோலால் அளந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டியவை

பூம்புகாரில் ஏழுநிலை மாடமாக எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும், 1976-இல் திறக்கப்பட்ட சென்னை வள்ளுவர் கோட்டமும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுபவை. வள்ளுவர் கோட்டத்தில் திருவாரூர்த் தேரை மாதிரியாகக் கொண்ட கல்தேர் சுமார் 39 மீட்டர் உயரம்; குறள் மண்டபத்தில் 1,330 குறளும் பொறிக்கப்பட்டுள்ளன. தேர் என்பது இயல்பில் மரமும் துணியும் கொண்டது, ஆடி அசைந்து நகர்வது. அதைக் கல்லில் நிறுத்தும்போது சக்கரம் அலங்காரமாகிவிடும், பாரத்தை உள்ளிருக்கும் அடித்தளம் தாங்கும். வடிவத்தைக் கடன் வாங்கி, தாங்கும் முறையை மாற்றிக்கொள்ளும் இந்தப் பழக்கம் ஸ்தபதிகளுக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்தில் குடிசைக் கூரையைப் பாறையில் வெட்டியவர்களும் இதையே செய்தார்கள்.

கன்னியாகுமரிச் சிலைதான் உண்மையான சோதனை. 1979-இல் அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். பணி 1990 செப்டம்பரில் தொடங்கி, நடுவில் தடைபட்டு, 2000 ஜனவரி 1 அன்று முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். மொத்த உயரம் 133 அடி, அதிகாரங்களின் எண்ணிக்கை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி, பொருட்பால் 70-உம் இன்பத்துப்பால் 25-உம் சேர்ந்தது. இந்த எண்கள் எல்லாம் அடிக் கணக்கில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 95 அடியை முழக்கோலால் அளந்தால் முப்பத்து நாலரை முழத்துக்குச் சற்றுக் கூடுதல். முழு எண் வராது. மொத்த உயரத்தைத் தீர்மானித்தது திருக்குறள். ஸ்தபதியின் கணக்கு உள்விகிதத்தில் வேலை செய்தது. தேக அங்குலம் என்ற கருத்து இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. எந்த உயரத்தைக் கொடுத்தாலும் அதைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது.

எடை சுமார் 7,000 டன், கற்கள் 3,681. அம்பாசமுத்திரம், சங்கராபுரம் பகுதிகளிலிருந்து கல் வந்தது. செதுக்கும் கூடங்கள் அந்த இரண்டு இடங்களிலும் கன்னியாகுமரியிலும் இருந்தன. செதுக்கிய கல்லைப் படகில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டுபோய், சவுக்கும் பனையும் கயிறுமாகக் கட்டிய சாரத்தின் வழியே மேலேற்ற வேண்டும். ஒற்றைக் கல் சிலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. ஒற்றைக் கல்லில் சிற்பி உருவத்தை முழுதாகப் பார்த்துக்கொண்டே செதுக்குகிறார். இங்கே ஒவ்வொரு கல்லும் ஒரு பெரிய உருவத்தின் சிறு துண்டு. கன்னத்தின் வளைவு இரண்டு, மூன்று கற்களில் தொடரும். ஒரு வரிசையில் நேரும் சிறு சாய்வு அடுத்த வரிசைக்கு ஏறி, மேலே போகப் போகப் பெருகும். எனவே ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் மட்டமும் தூக்குக்குண்டும் பார்த்துத் திருத்திய பிறகே அடுத்ததை வைக்க முடியும்.

இடுப்பை லேசாக வளைத்து நிறுத்தியது இன்னொரு சிக்கல். நேராக நிற்கும் சமபங்கத்தில் நடுக்கோட்டின் இரு பக்கமும் எடை சமம். வளைவு வந்தால் தலை, மார்பு, இடுப்பு மூன்றும் கோட்டிலிருந்து வெவ்வேறு தூரத்துக்கு விலகும். எந்த இடம் எவ்வளவு விலகலாம் என்பதற்குச் சிற்ப நூல்களில் கணக்கு உண்டு. துளையிட்ட பலகையிலிருந்து தூக்குநூல்களைத் தொங்கவிட்டு அதைச் சரிபார்ப்பார்கள். சாதாரணச் சிலையில் அது அழகுக்கான கணக்கு. 95 அடியில் உயிர்க் கணக்கு. மொத்த எடையின் மையம் பாதங்களுக்குள் விழ வேண்டும். கருங்கல் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. சாய்ந்தால் ஒரு பக்க இணைப்புகள் திறந்துகொள்ளும்.

சிலைக்குள் பெரும்பகுதி உயரத்துக்கு வெற்றிடம் இருக்கிறது. எடையைக் குறைப்பதற்கான இந்த வழி தஞ்சைப் பெரிய கோயிலிலேயே உண்டு. 1010-இல் நிறைவுற்ற அந்த விமானமும் கருவறைக்கு மேல் உள்ளே கூடுதான். ஒவ்வொரு வரிசைக் கல்லையும் சற்று உள்நோக்கி நீட்டி, மேலே போகப் போகக் குறுக்கிக்கொண்டே போகும் கதலிகாகரண முறை அது. அந்தக் கோயிலின் கல்வெட்டு வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று கட்டியவரின் பெயரையே சொல்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கன்னியாகுமரிப் பாறையின் மீது மோதி எழுந்தபோது சிலை அசையாமல் நின்றது. எடையும் அகன்ற பீடமும் பாறையோடு கொண்ட பிணைப்பும் அதைக் காத்தன.

ஹவாயின் காவாய் தீவில் அவர் வடிவமைத்த இறைவன் கோயில் வேறு வகைச் சவால். கல்லெல்லாம் பெங்களூரு அருகே செதுக்கப்பட்டுக் கப்பலில் போயிற்று. 1,000 ஆண்டு நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. அத்தனை ஆண்டு எந்த இரும்புக் கம்பியும் தாங்காது. துரு பிடித்தால் இரும்பு பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். ஆகவே கம்பியே இல்லாத அடித்தளம் முடிவாயிற்று. கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. குமார் மேத்தா அதன் கலவையை வகுத்தார். 117 அடி நீளம், 56 அடி அகலம், ஒன்றின் மேல் ஒன்றாக 2 அடிப் பலகை இரண்டு. இவ்வளவு கனத்தில் சாதாரண கான்கிரீட்டை ஊற்றினால் சிமெண்ட் இறுகும்போது எழும் சூடு நடுவில் தங்கும். வெளிப்புறம் ஆறிச் சுருங்க, நடுப்பகுதி விரிந்திருக்க, பலகை வெடிக்கும். அதைத் தடுக்கச் சிமெண்டில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு அனல்மின் நிலைய உலர்சாம்பல் சேர்த்தார்கள். சூடு குறைவு, இறுகுவது மெதுவாக, நாளாக நாளாக வலிமை ஏறும். 1999-இல் வார்க்கப்பட்டது. குடமுழுக்கு 2023 மார்ச்சில் நடந்தபோது ஸ்தபதி உயிரோடு இல்லை. மரபுக் கட்டடக்கலை என்றால் புது அறிவுக்குக் கதவடைப்பது என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது இந்த அடித்தளத்தை.

வரலாற்றாய்வாளராக

தென்னிந்தியக் கட்டடக்கலையின் சொற்கள் ஆய்வுலகத்துக்கு வந்ததே தொழிலாளர் வழியாகத்தான். தஞ்சாவூர்க்காரரான ராம் ராஸ் எழுதிய கட்டுரை 1834-இல் லண்டனில் அச்சானது. சிற்ப நூல்களின் சுலோகங்களை வேலை தெரிந்த சிற்பிகளிடம் கேட்டே அவர் பொருள் கண்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியிலிருந்த ழுவோ-துப்ரேய் அதே வழியில் போனார். இருவரும் வெளியே நின்று கேட்டவர்கள். கணபதி ஸ்தபதி உள்ளிருந்து எழுதியவர். அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், ஸ்தூபி என்று அடியிலிருந்து உச்சிவரை வரும் விமானத்தின் ஆறு அங்கங்களையும், உபானம், ஜகதி, குமுதம், பட்டிகை என்று அதிட்டானத்துக்குள் வரும் வரிகளையும் அவர் விளக்கும்போது, எந்த வரி எந்தக் கல்லில் வரும், எது தனிக் கல், எது மேல் வரியோடு சேர்ந்து வெட்டப்படுவது என்ற தெளிவு இருக்கும். தமிழில் அவர் எழுதிய ‘சிற்பச் செந்நூல்’ இன்றும் மாணவர் கையில் புழங்குவதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் அவருடைய வரலாற்று முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க முடியாது. மயன் என்ற சிற்பாசிரியர் உண்மையில் வாழ்ந்த தமிழர் என்றும், நடு அமெரிக்காவின் மாயர்களோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்றும் அவர் உறுதியாக நம்பினார். 1990களில் யுகாத்தானுக்கும் பெருவின் மாச்சு பிச்சுவுக்கும் சென்று கட்டடங்களை அளந்து, மனையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் தம் சட்டக அளவுகளோடு ஒத்துப்போவதாகச் சொன்னார். ஒப்பிட வேண்டும் என்ற ஆர்வம் மதிக்கத்தக்கது. முடிவு நிற்காது. மாச்சு பிச்சு மாயர்களுடையதே அல்ல. 15-ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் கட்டியது. மாயர்களின் எழுத்து படிக்கப்பட்டுவிட்டது. அவர்களுடைய மொழிகளுக்குத் தமிழோடு உறவு இல்லை. பெயரொலி ஒற்றுமை சான்றாகாது. உள்நோக்கி நீளும் கல்வரிசை இரு இடத்திலும் இருப்பது உண்மை. ஆப்பு வடிவக் கற்களாலான ஆரக்கல் வளைவு இல்லாமல் கல்லால் மேலே மூட வேண்டுமென்றால் உலகில் எங்கும் அந்த வழிக்குத்தான் வந்து சேர வேண்டும். 8-க்கு 8 சட்டகமும் அப்படியே. எந்தச் சதுரத்தையும் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாதி பாதியாக மும்மூன்று முறை மடித்தால் 64 கட்டம் கிடைக்கும்.

இதைச் சொல்வதால் அவருடைய மதிப்பு குறையாது. அளவைப் பற்றி அவர் சொன்னது உளி பிடித்து, கட்டிப் பார்த்துச் சொன்னது. மக்கள் இடம்பெயர்ந்த வரலாற்றைப் பற்றிச் சொன்னதற்கு அப்படிப்பட்ட சோதனை இல்லை. அவருடைய நூல்களைப் படிக்கும் மாணவர் இந்த இரண்டையும் பிரித்துக்கொள்வது அவசியம். இரண்டாவதைச் சிரித்து ஒதுக்குபவர்கள் முதலாவதையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஓய்வுக்குப் பின்னும் அவர் கட்டட வடிவமைப்பை விடவில்லை. 2009-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2011 செப்டம்பரில் காலமானார். மாமல்லபுரம் கல்லூரி இப்போது இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்குகிறது. அங்கே படித்தவர்கள் கோயில் திருப்பணிகளிலும் வெளிநாட்டுக் கோயில்களிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் எதிர்கொள்ளும் கேள்வி புதுக் கட்டடத்தைவிடப் பழையதைப் பற்றியது. பழுதான கல்லை மாற்றுவது ஸ்தபதி மரபில் சீர்செய்தல். தொல்லியலாளர் பார்வையில் சான்றை அழித்தல். மணல் வீச்சால் சுவரைச் சுத்தம் செய்து கல்வெட்டு எழுத்தைத் தேய்த்தது, சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தில் சிமெண்டை அடைத்தது ஆகியவற்றை இரண்டு தரப்புமே ஏற்கக் கூடாது. சிமெண்ட் கல்லைவிட விறைப்பு. ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கும் ஈரமும் உப்பும் பக்கத்துக் கல்லின் முகத்தை உரிக்கும்.

வள்ளுவர் சிலைக்கு உப்புதான் நிரந்தர எதிரி. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை சாரம் கட்டி, நன்னீரால் கழுவி, கற்களுக்கு இடையே விட்டுப்போன இணைப்புகளைச் சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய் சேர்ந்த கலவையால் அடைக்கிறார்கள். பிறகு காகிதக் கூழை உடல் முழுவதும் அப்பி விடுகிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இறங்கிய உப்பை வெளியே உறிஞ்சிக்கொள்ளும். அதை உரித்து எடுத்துக் கழுவிக் காயவைத்த பின்பே நீர் புகாமல் காக்கும் ரசாயனப் பூச்சு. காயவிடாமல் பூசினால் மிச்ச உப்பு உள்ளேயே சிக்கிவிடும். அதனால் இந்த வேலை வெயிலையும் காற்றையும் பார்த்து மாதக்கணக்கில் நடக்கிறது.